வழுக்கையாற்றுக் கெண்டை மீன்களின் உடலில் நூல் போலத் தொங்கும் உயிரி: இது என்ன, நாம் என்ன செய்யலாம்?

கேள்வி: வயற்கரை (சண்டிலிப்பாய்)

அனைவருக்கும் வணக்கம். நான் வழுக்கையாறு ஓடும் வயல்வெளிக்கு அருகில் வசிக்கிறேன். குடாநாட்டுக்கு வெளியிலிருந்து வாசிப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் நன்னீர் ஓடும் ஆறு என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான், அதுவும் மாரி மழைக்கு மட்டுமே ஓடி, வழியில் உள்ள குளங்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு, அராலிப் பக்கமாகக் கடல்நீரேரியில் விழும். தை மாதம் கழிந்ததும் ஓட்டம் நின்றுவிடும். அதன் பிறகு மதகுகளின் கீழும் ஆழமான கிடங்குகளிலும் தேங்கி நிற்கும் நீரில்தான் மீன்கள் பங்குனி வரை உயிர் பிழைத்திருக்கும்.

இம்முறை மாசி மாத முற்பகுதியில், அப்படி ஒரு கிடங்கில் என் பிள்ளைகள் அத்தாங்கு கொண்டு பிடித்த சிறு கெண்டைகளை வாளியில் பார்த்தபோது, அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கின் உடலில் வெளிர் மஞ்சள் நிறமான, நூலைப் போன்ற ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நீளம் ஒரு சென்ரிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. பெரும்பாலும் முதுகுச் செட்டையின் அடியிலும் வாலுக்கு அருகிலும் இருந்தது. நூலின் வெளி நுனி இரண்டாகப் பிரிந்தது போலத் தெரிந்தது. அது உடலுக்குள் நுழையும் இடத்தில் தோல் சிவந்து, சில மீன்களில் செதில் உதிர்ந்து, சிறு புண்ணாகியிருந்தது. இரண்டு மீன்கள் வாளியின் ஓரத்தில் உடலைத் தேய்த்தன. அதே கிடங்கில் பிடித்த ஒரு விராலின் வெளிப்புறத்தில் எதுவும் இல்லை. அதன் பூவை (செவுளை) திறந்து பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நான் சிறுவயதிலிருந்து இந்த ஆற்றில் மீன் பார்த்து வருகிறேன். இப்படி ஒன்றை முன்னர் கண்டதில்லை. அயலவர் ஒருவர் இதைப் புழு என்று சொல்லி, வெங்காயத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்தில் சிறிது கிடங்கில் ஊற்றினால் எல்லாம் செத்துவிடும் என்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் மறுத்துச் சொல்வதற்குப் போதிய விடயமும் என்னிடம் இல்லை. ஆகவே அறிந்தவர்களிடம் கேட்கிறேன். இது என்ன உயிரி? இந்த மீனைச் சமைத்து உண்ணலாமா? ஆண்டுதோறும் வற்றிப்போகும் ஓர் ஆற்றுக்குள் இது எங்கிருந்து வந்தது? இந்த மீன்களைக் காப்பாற்ற வழி உண்டா?


மறுமொழி 1: நுணுக்குக்காட்டி (கோப்பாய்)

தம்பி, நீங்கள் கவனித்து எழுதியிருக்கும் முறையே பாதி விடையைத் தந்துவிட்டது. நான் பல ஆண்டுகள் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் கற்பித்தவள். படத்தைப் பாராமல் முடிந்த முடிபாகச் சொல்ல மாட்டேன், என்றாலும் நீங்கள் தரும் அடையாளங்கள் அனைத்தும் லேர்னியா என்னும் ஒட்டுண்ணியைச் சுட்டுகின்றன. நங்கூரப்புழு என்று அதற்கு ஒரு வழக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரே பலரைத் தவறான வழிக்கு இட்டுச் செல்கிறது. அது புழு அன்று. இறால், நண்டு ஆகியவற்றோடு கிறஸ்டேசியா என்னும் பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. அக்கூட்டத்தினுள் கொப்பிபொட்டு எனப்படும் மிகச் சிறிய நீருயிரிகளின் பிரிவில் அது அடங்கும். நமது குளத்து நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், துள்ளித் துள்ளி நீந்தும் வெண்புள்ளிகள் தெரியுமே, அவற்றுட் பல கொப்பிபொட்டுகள்தாம். அவற்றின் உறவினர்களுள் ஒன்று மீனின் தசையில் வேரூன்றி வாழப் பழகிக்கொண்டதால், கால்களும் கணுக்களும் தெளிவற்றுப்போய், இறுதியில் ஒரு நூலைப் போல உருமாறிவிட்டது. இந்த இனத்துக்கு 1758 இலேயே லின்னேயஸ் பெயர் சூட்டினார்.

நீங்கள் கண்ட நூல் முழுவதும் பெண்ணே. அதன் தலை மீனின் தசைக்குள் புதைந்திருக்கிறது. தலையைச் சுற்றிக் கிளைத்த கொம்புகள் நங்கூரத்தின் முட்கள் போல விரிந்து தசையைப் பற்றிக்கொள்வதனால், வெளியே இழுத்தால் அறுந்து வருமே தவிர எளிதில் கழன்று வராது. நுனி இரண்டாகப் பிரிந்திருந்தது என்றீர்களே, அவை இரண்டு முட்டைப் பைகள். ஆணை நீங்கள் காண வாய்ப்பில்லை, ஏனெனில் அது முதிர்ந்த நூல் வடிவத்தை அடைவதே இல்லை. கலவி முடிந்ததும் இறந்துபோகும்.

வாழ்க்கை வட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதெல்லாம் அதிலேயே தங்கியிருக்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும் நோப்பிலியசுக் குடம்பி நீரில் சுதந்திரமாக நீந்தும். அப்போது அது மீனை அண்டுவதில்லை. சில தடவை தோலுரித்த பின் கொப்பிபொடிட்டு என்னும் அடுத்த பருவத்தை அடைந்து, மீனைத் தேடிச் சென்று, பெரும்பாலும் அதன் பூவில், அதாவது செவுளில், ஒட்டிக்கொள்ளும். அங்கேதான் வளர்ந்து கலவி செய்யும். அதன் பிறகே கருவுற்ற பெண் உடலின் வேறோர் இடத்துக்கு நகர்ந்து தசைக்குள் துளைத்து நூலாக நீளும். இடையில் நத்தையோ பறவையோ தேவையில்லை. ஒரே மீனினம் போதும். 25 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட நீரில் இந்த வட்டம் முழுவதும் 18 முதல் 25 நாட்களில் முடிந்துவிடும். ஒரு பெண் ஒரு தடவையில் 250 வரை குஞ்சுகளை ஈனக்கூடியது. குளிர்நாடுகளில் நீர் 20 பாகைக்குக் கீழே இறங்கும்போது வளர்ச்சி நின்று மீன்களுக்கு ஓய்வு கிடைக்கும். நமது யாழ்ப்பாணத்து நீருக்கு அத்தகைய குளிர் என்றுமே வருவதில்லை.

வெளியே தெரியும் நூலைவிடப் பூவில் மறைந்திருக்கும் இளம் பருவங்களே சிறு மீன்களுக்குக் கூடுதலான தீங்கு செய்யக்கூடும். வெப்பமான, தேங்கிய நீரில் ஒட்சிசன் ஏற்கெனவே குறைவு. அதற்கு மேல் செவுளும் சிதைந்தால் மீன் மூச்சுத் திணறி மேற்பரப்புக்கு வந்து வாய் திறந்து நிற்கும். துளைத்த புண் வழியே பற்றீரியாவும் பங்கசும் நுழைவதும் உண்டு. விரல் நீளக் கெண்டை ஒன்றுக்கு இரண்டு மூன்று நூல்களே உயிராபத்தாகலாம்.

அந்த விராலின் பூவைத் திறந்து பார்க்காமல் விட்டது பற்றி வருந்த வேண்டாம், ஆனால் அடுத்த முறை கட்டாயம் பாருங்கள். விரால் இனங்களின் செவுளில் லாம்புரோகிளீனா என்னும் வேறொரு கொப்பிபொட்டு வாழ்வது ஆசிய நாடுகளில் அறியப்பட்டது. அது வெளியிலிருந்து தெரியாது. சோற்றுப் பருக்கையைவிடச் சிறிய வெண்மையான துண்டுகளாகச் செவுள் இழைகளைக் கவ்விக்கொண்டிருக்கும்.


மறுமொழி 2: வான்கதவு (கிளிநொச்சி)

ஆசிரியை அம்மா எழுதியதை இருமுறை வாசித்தேன். நான் இரணைமடுக் குளத்தில் தொழில் செய்கிறவன். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய குளம் அது என்பதால், ஆற்று மீனும் குளத்தில் விடப்பட்ட மீனும் எங்கள் வலையில் ஒன்றாகவே வரும். ஆகவே என் கண்ணால் கண்டதைச் சேர்த்துச் சொல்கிறேன்.

நூல் போன்றதை நாங்களும் காண்கிறோம். பெரும்பாலும் கோடையில் குளம் வற்றி, மீன்கள் நெருங்கி நிற்கும் காலத்தில்தான். குளம் நிரம்பி வான் பாயும் நாட்களில் ஒன்றிரண்டு மீனில் கண்டாலே அதிகம். இதைவிட எங்களுக்குக் கூடுதலாகத் தொல்லை தருவது வேறொன்று: நாங்கள் மீன்பேன் என்று சொல்வது. வட்டமாக, தட்டையாக, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் உடலுடன், ஒரு மிளகளவில் இருக்கும். ரோகு மீனின் செட்டையடியில் அது ஒட்டிக்கொண்டிருப்பது செதிலோடு செதிலாகத் தெரிவதால், விரலால் தடவிப் பார்த்தால்தான் அது ஓடுவது தெரியும். நூல் போன்றது ஒரே இடத்தில் ஊன்றி நிற்கும். பேனோ ஓடும், மீனை விட்டுக் கழன்று நீந்தும், வேறு மீனில் ஏறும். பேன் மிகுந்த மீன் நீருக்கு மேலே துள்ளி விழுவதையும், கல்லிலும் வலைத் தடியிலும் பக்கவாட்டில் உராய்வதையும் பல தடவை பார்த்திருக்கிறேன்.

உண்பதைப் பற்றிக் கேட்டீர்கள். எங்கள் வீட்டில் அந்த இடத்தை ஓர் அங்குலம் சுற்றி வெட்டி எறிந்துவிட்டு, மிகுதியை நன்றாகக் கொதிக்க வைத்துக் குழம்பாக்கி உண்கிறோம். இதுவரை எவருக்கும் ஒன்றும் நேர்ந்ததில்லை. ஆனால் புண் பெரிதாகி, தசை கொழகொழத்து, நாற்றம் வந்த மீனை விற்கவும் மாட்டோம், உண்ணவும் மாட்டோம். சந்தையில் அப்படி ஒன்றைக் கண்டால் வாங்காமல் விடுங்கள்.

அந்த அயலவர் சொன்ன யோசனையைப் பற்றி மிகுந்த பணிவுடன், ஆனால் அழுத்தமாகச் சொல்கிறேன்: ஒரு துளியும் ஊற்ற வேண்டாம். பூச்சிமருந்து கலந்த வயல்நீர் ஒரு வாய்க்காலில் இறங்கியதால் இறால் குஞ்சுகள் ஒரே இரவில் கரை ஒதுங்கியதை நான் பார்த்திருக்கிறேன். ஒட்டுண்ணி இறாலின் உறவு என்று அம்மா எழுதியிருக்கிறார்; அதைக் கொல்லும் மருந்து இறாலை விட்டுவைக்குமா?


மறுமொழி 3: வயற்கரை (சண்டிலிப்பாய்)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. உங்கள் மறுமொழிகளை அயலவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பூச்சிமருந்து யோசனையைக் கைவிட்டதோடு, மறுநாள் என்னுடன் ஆற்றுக்கும் வந்தார்.

மகளின் பாடசாலைக் கைவில்லை ஒன்றைக் கொண்டுசென்றோம். நூலின் நுனியில் இரண்டு பைகள் இருப்பது தெளிவாகத் தெரிந்தது. அவற்றினுள் பச்சை கலந்த மணிகள் போல முட்டைகள் நெருக்கமாக இருந்தன. ஆகவே ஆசிரியை சொன்னது சரியென்றே நினைக்கிறேன். மீன்பேன் எதையும் காணவில்லை. இம்முறை பிடித்த ஒரு சிறு விராலின் பூவைத் திறந்து பார்த்தோம். செவுள் நல்ல சிவப்பாக இருந்தது, வெண்மையான துண்டு எதுவும் இல்லை. பார்த்துவிட்டு அதை நீரிலேயே விட்டுவிட்டோம்.

இன்னொன்றையும் கவனித்தேன். ஒரே ஆற்றுப்படுகையில் அரை மைல் இடைவெளியில் மூன்று கிடங்குகள் உள்ளன. மேற்புறத்தில் உள்ள கிடங்கின் மீன்களில் இது ஒன்றுகூட இல்லை. நடுக்கிடங்கில் மிகுதி. கீழ்க்கிடங்கில் சில. நடுக்கிடங்குக்கு அருகில் பழைய கேணி ஒன்று உண்டு. மாரியில் நிரம்பி வழிந்தால் அதன் நீர் ஆற்றில் கலக்கும். கோடையிலும் அது முற்றாக வற்றுவதில்லை. கேணிக்குள் எட்டிப் பார்த்தபோது செந்நிறத் தங்கமீன்கள் சில நீந்தின. யாரோ வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்துவிட்டு, பராமரிக்க முடியாமல் அங்கே கொண்டுவந்து விட்டதாக அயலவர் சொல்கிறார். இதற்கும் அதற்கும் தொடர்பு இருக்குமா?


மறுமொழி 4: நன்னீர்க்கரை (திருநெல்வேலி)

நான் நன்னீர் மீனியல் படித்தவன். குளங்களில் மீன் நோய்களைப் பார்த்துப் பதிவு செய்வது என் தொழிலின் ஒரு பகுதி. உங்கள் கடைசிப் பத்தியை வாசித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். தொடர்பு இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. தங்கமீனும் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. லேர்னியா உலகின் பல பாகங்களுக்கும் பரவியது பெரும்பாலும் வளர்ப்புக் கெண்டைகளோடும் அலங்கார மீன்களோடும்தான். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் உள்ள கனிங் ஆற்றில் அங்கு மட்டுமே வாழும் உள்நாட்டு மீன்களில் இதே இனம் தொற்றியிருந்தது கண்டறியப்பட்டது. அங்கும் இது வெளியிலிருந்து வந்ததுதான்.

நீங்கள் முதலில் கேட்ட ஒரு கேள்விக்கு இன்னும் எவரும் விடை தரவில்லை: ஆண்டுதோறும் வற்றும் ஆற்றில் இது எப்படி வந்தது? என் பார்வையில் முழு விடயத்தின் மையமும் அதுதான். லேர்னியாவுக்குக் காய்ந்த மண்ணில் கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும் முட்டை கிடையாது. குடம்பி சில நாட்களுக்குள் மீனைக் கண்டடையாவிட்டால் இறந்துவிடும். எனவே படுகை முற்றாகக் காய்ந்தால் அந்த இடத்தில் அதன் கதை முடிந்துவிடும். அராலியில் கடல்நீரேரிக்கு அடித்துச் செல்லப்படும் குடம்பிகளும் உவர்நீரில் வாழாது. அப்படியென்றால் ஒவ்வொரு மாரியிலும் அது ஆற்றுக்குத் திரும்பி வருவதற்கு, வற்றாத நன்னீர் ஒன்றும் அதில் மீனும் எங்கோ இருந்தாக வேண்டும். ஆண்டு முழுவதும் ஓடும் தெற்கத்திய ஆறு ஒன்றில் இப்படி ஒரு மூலத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது ஏறக்குறைய முடியாத காரியம். வழுக்கையாற்றில் அது முடியும். நாம் குறையென்று நினைக்கும் கோடை வறட்சி இந்த ஒரு விடயத்தில் நமக்குப் பெரிய துணை.

கேணியை மட்டும் பார்த்து நின்றுவிடாதீர்கள். ஆற்றங்கரையில் வழிந்தோடக்கூடிய பழைய கிணறுகள், தோட்டத் தொட்டிகள் ஆகியவற்றையும் பாருங்கள். நுளம்புக் குடம்பிகளை உண்பதற்காகக் கிணற்றில் மீன் விடும் பழக்கம் நம்மிடம் உண்டு. மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டெபென்சி நுளம்பு 2016 இல் மன்னாரில் கண்டறியப்பட்ட பின்னர் அந்தத் தேவை கூடியதே தவிரக் குறையவில்லை. நான் அந்தப் பழக்கத்துக்கு எதிரானவன் அல்லன். கிணற்றில் விடும் மீனை முதலில் பார்த்துவிட்டு விடுங்கள் என்றே கேட்கிறேன்.

மாசியில் ஏன் இவ்வளவு மிகுதியாகத் தெரிந்தது என்பதற்கும் காரணம் உண்டு. ஆறு ஓடும்போது குடம்பிகள் நீரோடு அடித்துச் செல்லப்படும். மீன்களும் பரந்து நிற்கும். ஓட்டம் நின்றதும் சூடேறிய சிறு கிடங்கில் மீனும் குடம்பியும் நெருங்கி, இருபது நாட்களுக்கு ஒரு தலைமுறை என்று பெருகும். கலிபோர்னியாவில் ஈல் ஆற்றின் தென்கிளையில் 2006, 2008 ஆகிய ஆண்டுகளின் வெப்பமான கோடைகளில் இந்த ஒட்டுண்ணி மீன்களை மட்டுமன்றித் தவளையின் வாற்பேய்களையும் பற்றி, அவற்றிற் சிலவற்றின் கால்கள் உருக்குலைந்து வளர்ந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் கிடங்குகளில் வாற்பேய்கள் இருந்தால் அவற்றின் பின்கால் முளைக்கும் இடத்தையும் கைவில்லையால் பாருங்கள்.

இனி மருந்து. ஆற்றுக்கு மருந்து கிடையாது. இதில் இரண்டாம் பேச்சுக்கு இடமில்லை. மீன்பண்ணைகளில் டைபுளுபென்சுரோன் என்னும் இரசாயனத்தை மிகச் சிறிய அளவில் இடுவார்கள். அது ஓடுடைய உயிரிகளின் புறவன்கூடு உருவாவதைத் தடுத்துக் கொல்வது. ஆகவே இறால், நீர்ப்பூச்சிகள், மீன்குஞ்சுகளின் முதல் உணவாகிய நுண்ணுயிரிகள் அனைத்தும் சேர்ந்து அழியும். இரணைமடுவில் தொழில் செய்பவர் கேட்ட கேள்விக்கு விடை இதுவே. மேலும் நமது குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. நிலத்தில் ஊற்றியது வெடிப்புகளின் வழியே நேராக நிலத்தடி நீருக்கு இறங்கும். அந்த நன்னீரோ உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு மெல்லிய வில்லை மட்டுமே, அதைத்தான் எல்லோரும் கிணற்றில் அள்ளிக் குடிக்கிறோம். ஆற்றுக் கிடங்கில் ஊற்றும் வெங்காய மருந்து அடுத்த வீட்டுக் குடத்துக்குத்தான் போய்ச் சேரும்.

தொட்டியில் பிரித்து வைக்கக்கூடிய மீன்களுக்கு வழி உண்டு. கேணியின் தங்கமீன்களை வலையால் முழுவதும் பிடித்து, வீட்டில் மூடிய தொட்டியில் வையுங்கள். வெளியே தெரியும் ஒவ்வொரு நூலையும் தோலுக்கு மிக அருகில் சாவணத்தால் பற்றி, மெதுவாக, வளைக்காமல் நேராக இழுத்தெடுத்து, அந்த இடத்தில் பொவிடோன் அயடீன் தடவலாம். இளம் பருவங்களைக் கொல்ல ஒரு லீற்றருக்கு 25 மில்லிகிராம் பொற்றாசியம் பரமங்கனேற்றுக் கரைசலில் 30 நிமிடம் மீனை வைத்திருப்பது நெடுநாள் வழக்கத்தில் உள்ள முறை. அளவை மிகக் கவனமாக நிறுத்தெடுக்க வேண்டும், மீன் தள்ளாடினால் உடனே நல்ல நீருக்கு மாற்ற வேண்டும். தசைக்குள் ஊன்றிய முதிர்ந்த பெண் இதற்குத் தப்பிவிடலாம் என்பதால்தான் முதலில் கையால் எடுக்கச் சொல்கிறேன். வாழ்க்கை வட்டம் 25 நாள் வரை நீளும் என்பதை மனதில் வைத்து, குறைந்தது ஒரு மாதமாவது நான்கைந்து நாட்களுக்கு ஒரு முறை மீனைப் பார்வையிடுங்கள். தொட்டி நீரை ஆற்றிலோ கேணியிலோ கொட்டாமல், நீர்நிலைக்கு எட்டாத காய்ந்த நிலத்தில் ஊற்றுங்கள். அந்தத் தங்கமீன்களை மீண்டும் கேணியில் விட வேண்டாம்.

ஆற்றுக் கெண்டைகளைப் பிடித்து மருந்திட முயல வேண்டாம். ஒன்று மட்டும் மன்றாடிக் கேட்கிறேன்: நடுக்கிடங்கு வற்றும்போது இரக்கப்பட்டு அதன் மீன்களை மேற்கிடங்குக்கோ வேறு குளத்துக்கோ மாற்றாதீர்கள். பிள்ளைகள் கிடங்குக்குக் கிடங்கு கொண்டுசெல்லும் அத்தாங்கு, வாளி ஆகியவற்றையும் ஒவ்வொரு முறையும் வெயிலில் முற்றாகக் காயவிடுங்கள். மேற்கிடங்கில் இருப்பவை இன்னும் நலமான மீன்கள். அடுத்த மாரியில் இந்தப் பகுதிக்குக் குஞ்சு தரப்போகிறவை அவையே.


மறுமொழி 5: பண்ணைக்கரை (குருநகர்)

தலைப்போடு ஒட்டிய ஒரு சிறு ஐயம். கடல்நீரேரி மீன்களின் வாய்க்குள், நாக்கின் மேல், மரவட்டையைக் குறுக்கி வைத்தது போன்ற ஒரு பூச்சி இருப்பதைப் பல தடவை கண்டிருக்கிறேன். அதுவும் இதே லேர்னியா இனமா? ஆற்றிலிருந்து கடலுக்கு வந்ததா?


மறுமொழி 6: நுணுக்குக்காட்டி (கோப்பாய்)

அல்ல. அதுவும் கிறஸ்டேசியாதான், ஆனால் ஐசோபொட்டு என்னும் வேறு பிரிவு. நிலத்தில் கல்லடியில் காணும் மரப்பேனின் உறவு. நீங்கள் சொல்லும் சிமோதோயிடே குடும்பத்து உயிரிகள் முதலில் ஆணாக வாழ்ந்து பின்னர் பெண்ணாக மாறுபவை. சில இனங்களில் பெண் மீனின் நாக்கைப் பற்றி, அது தேய்ந்து போனதும் நாக்கு இருந்த இடத்தில் தானே இருந்துகொள்ளும். உவர்நீருக்குப் பழகியவை அவை; வழுக்கையாற்று நூலோடு அவற்றுக்குப் போக்குவரத்து இல்லை. மீனைத் துப்புரவு செய்யும்போது எடுத்து எறிந்துவிட்டால் போதும், மனிதருக்குத் தீங்கில்லை.

இலங்கை மீன்களில் ஒட்டி வாழும் கொப்பிபொட்டுகளைப் பேராசிரியர் கீர்த்திசிங்க 1964 இல் தொகுத்து எழுதினார். நமது சிற்றாறுகளின் சிறு கெண்டைகளை யாராவது இப்படிக் குனிந்து பார்த்து எழுதிவைக்க வேண்டும் என்று நான் மாணவர்களிடம் ஆண்டுதோறும் சொல்லி வந்தேன். சண்டிலிப்பாய்த் தம்பி அதைச் செய்கிறார். எடுத்த நூல்களை எறிந்துவிடாமல், 70 சதவீத அற்ககோலில் ஒரு சிறு போத்தலில் இட்டு, பிடித்த நாள், கிடங்கு, மீனின் பெயர், உடலில் இருந்த இடம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய துண்டையும் உள்ளேயே போட்டு வையுங்கள். பேனை மை அற்ககோலில் கரைந்துவிடும்.


மறுமொழி 7: வயற்கரை (சண்டிலிப்பாய்)

மூன்று கிழமைகள் கழித்து எழுதுகிறேன். கேணியில் இருந்த தங்கமீன்கள் பதினொன்றையும் பிடித்துவிட்டோம். அவற்றுள் நான்கில் அதே நூல் இருந்தது, ஒன்றில் மட்டும் ஐந்து. நன்னீர்க்கரை ஐயா சொன்னபடி எடுத்து, அயலவரின் வீட்டுத் தொட்டியில் வைத்திருக்கிறோம். சாவணம் பிடிக்கும் வேலை அவருடையது. என்னைவிட அவருக்குக் கை நடுங்காது. ஒரு மீன் இறந்துவிட்டது. மற்றவை உண்கின்றன. கேணியில் சிறு கெண்டைகளும் உண்டு. அவற்றை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பங்குனிக் கடைசியில் நீர் முழங்காலளவுக்கு இறங்கும்போது இறைத்து, சேற்றை அள்ளிக் காயவிடலாமா என்று கேணிக்கு உரித்தானவர்களிடம் கேட்டிருக்கிறோம்.

நடுக்கிடங்கு நேற்றுடன் வற்றிவிட்டது. கடைசி நாட்களில் கொக்குகளும் நாரைகளும் வந்து நின்றன. பிள்ளைகள் மீன்களை அள்ளி மேற்கிடங்கில் விடுவோம் என்று அழுதார்கள். காரணத்தைச் சொல்லித் தடுத்தது எனக்கு மிகக் கடினமாக இருந்தது. மேற்கிடங்கில் இன்னும் இடுப்பளவு நீர் உண்டு. வேறோர் அத்தாங்கு வாங்கி அதற்கென்று தனியே வைத்திருக்கிறோம். நேற்று மாலை அங்கு இருபத்தைந்து கெண்டைகளைக் கைவில்லையால் பார்த்தோம், எதிலும் இல்லை. வாற்பேய்களிலும் இல்லை. போத்தல்கள் ஆறு சேர்ந்திருக்கின்றன. அவற்றை எங்கே, யாரிடம் கொண்டுவந்து தர வேண்டும் என்று நன்னீர்க்கரை ஐயா அறியத்தந்தால், வருகிற புதன்கிழமை திருநெல்வேலிப் பக்கம் வரும்போது எடுத்து வருகிறேன்.